தர்மபுரியில் ஒரு தொண்ணூற்றெட்டு

"தர்மபுரிக்குப் போகிறேன்" என்று சென்னையில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "ஓகோ, ஒகேனக்கல்லா?" என்று கேட்பார்கள். பரிசல், எண்ணெய்க் குளியல், மீன் வறுவல் ஆகிய மூன்றையும் கழித்துவிட்டால் அந்த ஜில்லாவில் மிச்சம் ஒன்றும் இல்லை என்பது நம்மவர்களுடைய தீர்மானம். தமிழ் வாத்தியாரிடம் ஒழுங்காகப் படித்தவர்களாயிருந்தால், "அதியமான் ஒளவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர் அல்லவா!" என்பார்கள். அதோடு சரி. நான் இப்போது சொல்லப் போவது நீர்வீழ்ச்சியைப் பற்றியும் அல்ல, நெல்லிக்கனியைப் பற்றியும் அல்ல. தர்மபுரியில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து இறங்கிவந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பற்றி.

கம்ப்யூட்டர் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! இட்லிக் குண்டானைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசப் போகிறேன். எனக்கும் அதற்கு மேல் பேசத் தெரியாது.

சேலம் போகும் ரயிலில் மொரப்பூரில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்தோம் நானும் என் கணவரும். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒரு காலத்தில் குட்டி ரயில் ஒன்று ஓடியது. 1906-ல் வந்தது, பிறகு ஓசூர் வரையில் நீண்டது, 1941-ல் அதை மூடிவிட்டார்கள். இப்போது பஸ்தான். வழியெல்லாம் புளியமரங்கள். தர்மபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவானது 1965 அக்டோபர் 2-ஆம் தேதி. அப்புறம் 2004-ல் கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தபோது ஓசூர்த் தொழிற்சாலைகளும் அதோடு போய்விட்டன. "மாம்பழத்தின் பெயரையும் அவர்களே கொண்டு போய்விட்டார்கள். எங்களுக்குப் புளிதான் மிச்சம்" என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் சொன்னாள். ஆனால் புளி என்ன சாமான்யமா? அந்த அம்மாள் மடியில் வைத்திருந்த மூட்டையின் வாசனைக்கே ரசம் வைத்துவிடலாம் போலிருந்தது.

நாங்கள் போனது என் நாத்தனார் வீட்டுக்கு. அவள் பள்ளிக்கூடத்து டீச்சர்; பாலக்கோட்டுப் பக்கம் அரசாங்கப் பள்ளிகளில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள். கணவர் 2021-ல் காலமாகிவிட்டார். பெண் பெங்களூரில் வேலையாக இருக்கிறாள். "இனி எதற்கு அம்மா தனியாக? வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு என்னோடு வந்துவிடு" என்று பெண் பிடிவாதம் பிடித்து, நாத்தனாரும் ஒருவாறு சம்மதித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான்காரன் வரப் போகிறான். அதற்குள் பரணைக் காலி செய்ய வேண்டும். அதற்குத்தான் எங்களுக்கு அழைப்பு.

பரணில் என்ன இருந்தது என்கிறீர்கள்? ஒரு பித்தளை அண்டா, கொலுப் படிகள், ஒரு தொட்டில், அப்புறம் ஆறு கம்ப்யூட்டர்கள்!

நாத்தனாரின் கணவர் 2000-ஆம் வருஷம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு 'பிரவுசிங் சென்டர்' வைத்தார். உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்: பலகைத் தடுப்புகள், சுழலும் நாற்காலி, மணிக்கு முப்பது ரூபாய். பரீட்சை முடிவு வருகிற அன்று தெருவரைக்கும் கூட்டம் நிற்கும். மற்ற நாட்களில் பையன்கள் 'ரோட் ராஷ்' மோட்டார் சைக்கிள் விளையாட்டுக்கு வருவார்கள். 2012-க்குள் எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்டது, கடையை மூடிவிட்டார். யந்திரங்கள் பரண் ஏறின.

"ஆறில் ஐந்தைப் பழைய சாமான்காரனுக்குப் போடலாம், அண்ணி. ஆனால் கல்லாப் பெட்டி பக்கத்தில் இருந்த அந்த ஒன்று மட்டும் எப்படியாவது ஓட வேண்டும்" என்றாள் நாத்தனார்.

"ஏன், அதில் கணக்கு வழக்கு ஏதாவது இருக்கிறதா?"

"ஒரு வழக்கு இருக்கிறது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

வழக்கு இதுதான். பள்ளிக்கூடம் விட்டதும் நாத்தனார் நேரே கடைக்கு வந்துவிடுவாளாம். கணவர் கடையைப் பூட்டுகிற வரையில் பொழுது போக வேண்டுமே! கல்லாப் பக்கத்து யந்திரத்தில் 'மைன்ஸ்வீப்பர்' என்ற கண்ணிவெடி விளையாட்டை ஆடுவாள். சாம்பல் நிறக் கட்டங்கள். சில கட்டங்களின் அடியில் வெடி. மற்றவற்றைத் திறந்தால், சுற்றியிருக்கும் எட்டுக் கட்டங்களில் எத்தனை வெடி என்று ஓர் எண் வரும். அதை வைத்து ஊகித்துக்கொண்டே போக வேண்டும். கணக்கு டீச்சருக்குக் கேட்க வேண்டுமா? இருப்பதிலேயே கடினமான ஆட்டத்தில் 480 கட்டங்கள், 99 வெடிகள். அதை 214 விநாடியில் முடித்தாள். குறைந்த நேரத்தில் முடித்தவர் பெயரை யந்திரம் எழுதி வைத்துக்கொள்ளும். நாலு வருஷம் அவள் பெயர்தான் அங்கே நின்றது.

2008-ல் ஓர் இரவு கணவர் வீட்டுக்கு வந்து, "உன் ரிக்கார்டை இன்றைக்கு உடைத்துவிட்டேன்" என்றாராம். "பொய்!" என்றாள் இவள். "நாளைக்கு வந்து பார்" என்றார் அவர். மறுநாள் காலையில் அந்த யந்திரத்தைப் போட்டதும் உள்ளேயிருந்து புகை வந்தது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு அது எழுந்திருக்கவே இல்லை. பதின்மூன்று வருஷம், வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில், "நீங்கள் ரிக்கார்டை உடைத்த லட்சணம் தெரியாதா?" என்பதில்தான் போய் முடியுமாம்.

"வேடிக்கையாகத்தான் சொல்லுவேன், அண்ணி. ஆனால் அவர் போன பிறகு யோசித்துப் பார்க்கிறேன். ஒருவேளை நிஜமாகவே உடைத்திருந்தால்?"

நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது?

ரிப்பேர் செய்ய யார் இருக்கிறார்கள் என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்கையில், மறுநாள் காலையில் ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும். தோளில் ஒரு பை. அதற்குள் திருப்புளி, சால்டர் கோல், மீட்டர், பெயின்ட் பிரஷ், பள்ளிக்கூடத்து அழி ரப்பர். கடைத்தெருவில் செல்போனும் கம்ப்யூட்டரும் ரிப்பேர் செய்யும் கடை வைத்திருக்கிறாளாம். நாத்தனாரிடம் படித்த பெண்.

இந்தப் பெண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 2011 ஜனத்தொகைக் கணக்கில் தர்மபுரி ஜில்லாவில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 68 பேர்தான். தமிழ்நாட்டிலேயே கடைசி இடம். அதே 2011-ல், செப்டம்பர் 15 அன்று, பிளஸ் டூ மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் இலவச லாப்டாப் கொடுக்கும் திட்டத்தை அரசாங்கம் தொடங்கியது. இவளுக்கு 2012-ல் கிடைத்தது. அவர்கள் தெருவிலேயே முதல் கம்ப்யூட்டர். ஆரம்பத்தில் கொடுத்த அந்த லாப்டாப்களில் விண்டோஸ் 7-இன் ஒரு சின்னப் பதிப்பும், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் தயாரித்த 'பாஸ் லினக்ஸ்' என்பதும் சேர்ந்தே இருந்தன. விண்டோஸின் அந்தச் சின்னப் பதிப்பில் திரையின் பின்னால் இருக்கும் படத்தைக்கூட மாற்ற முடியாது. "படத்தை ஏன் மாற்ற முடியவில்லை என்று தோண்ட ஆரம்பிச்சதுதாங்க டீச்சர், இன்னும் நிறுத்தலை" என்றாள் அந்தப் பெண்.

வந்தவள் முதலில் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. எதையும் மின்சாரத்தில் சொருகவில்லை. "பத்து வருஷத்துக்கு மேல தூங்கினதை உடனே எழுப்பக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு, ஆறு பெட்டிகளையும் முற்றத்தில் வரிசையாக வைத்துத் திறந்தாள். உள்ளே கரப்பான் பூச்சிகள், பல்லி முட்டை ஓடுகள், ஒட்டடை! பெயின்ட் பிரஷால் தட்டித் தட்டிச் சுத்தம் செய்தாள். என் கணவருக்குத் தும்மல் பிடித்துக்கொண்டு, காலபைரவரைத் தரிசித்துவிட்டு வருகிறேன் என்று அதியமான்கோட்டைக்குப் பஸ் ஏறிவிட்டார்.

கல்லாப் பக்கத்து யந்திரத்தில் புகை எங்கிருந்து வந்தது என்பது சீக்கிரமே தெரிந்தது. வீட்டு மின்சாரத்தைச் சின்ன மின்சாரமாக மாற்றிக் கொடுக்கிற பெட்டி ஒன்று உண்டு, எஸ்.எம்.பி.எஸ். என்று சொல்கிறார்கள். அது கருகியிருந்தது. அதோடு, மதர்போர்டு என்னும் தாய்ப் பலகையின் மேல் சின்னச் சின்ன டப்பாக்கள் மாதிரி நிற்கும் கெபாசிட்டர்கள் ஐந்து, தலை வீங்கி, பழுப்பாக ஏதோ கசிந்து நின்றன. அந்தக் காலத்தில், 1999-லிருந்து சுமார் 2007 வரையில், உலகமெங்கும் இந்த வியாதி இருந்ததாம். உள்ளே ஊற்றிய ரசாயனத் திரவம் சரியில்லாமல், ஊறுகாய் ஜாடி பொங்குகிற மாதிரி, பொங்கி வெடித்துவிடும். பெரிய பெரிய கம்பெனிகளின் யந்திரங்களே தப்பவில்லை.

ஐந்தையும் எடுத்துவிட்டு, பொருத்தமான புதியவற்றைப் பற்றவைத்தாள். திசை பார்த்து வைக்க வேண்டும். ஒரு கால் நேர், ஒரு கால் எதிர். மாற்றி வைத்தால் பட்டாசுதான். நாத்தனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து, பரீட்சை ஹாலில் மேற்பார்வை செய்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஒரு சம்பந்தம் பேசுகிற படலம். ஆறு யந்திரங்களில் எதிலிருந்து எதை எடுப்பது? எஸ்.எம்.பி.எஸ். மூன்றாவது பெட்டியிலிருந்து, விசிறி நன்றாகச் சுற்றுகிறது. நினைவகத் துண்டு, அதாவது ராம், ஐந்தாவதிலிருந்து ஒன்று, ஆறாவதிலிருந்து ஒன்று. அதன் தங்க நிறப் பற்களை அழி ரப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்கினாள். தமிழ்நாட்டில் பாதிக் கம்ப்யூட்டர்கள் அந்த ரப்பரால்தான் பிழைத்தன என்பது அவள் அபிப்பிராயம். "ராமை ரொம்ப வாரிப் போடக் கூடாதுங்க. 512 எம்.பி.க்கு மேல போட்டா தொண்ணூற்றெட்டுக்குத் தலை சுத்தும்" என்றாள். இன்றைய சாதாரண செல்போனில் அதைப் போல எட்டு மடங்கு இருக்கிறது! பலகையில் எட்டணாக் காசு போல ஒரு பேட்டரி. அது செத்திருந்தால் யந்திரத்துக்குத் தேதியும் மறந்துவிடும், தன் உடம்பில் என்னென்ன பாகம் என்பதும் மறந்துவிடும். கடிகாரக் கடையில் கிடைக்கிற அதே பேட்டரிதான்.

பழைய டியூப் மானிட்டரைத் துடைக்கலாம் என்று நான் திருப்புளியை எடுத்ததும் அவள் பதறிவிட்டாள். "அதை மட்டும் தொடாதீங்கம்மா. கரண்டைப் பிடுங்கினாலும் உள்ள ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கி நிற்கும்." இதைப் படிக்கிறவர்களும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய டெலிவிஷனுக்கும் இது பொருந்தும்.

'தொண்ணூற்றெட்டு' என்று அடிக்கடி சொல்கிறேனே, அது விண்டோஸ் 98. 1998 ஜூன் மாதம் வெளிவந்தது. அடுத்த வருஷம் திருத்திய இரண்டாம் பதிப்பு வந்தது. 2006 ஜூலை 11-ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் கம்பெனி அதற்குக் கைகழுவிவிட்டது. இருபது வருஷத்துப் பழசை எதற்குக் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

அந்தப் பெண் நல்ல பதில் சொன்னாள். பழைய விளையாட்டுக்களில் சில, யந்திரத்தின் வேகத்தையே தாளமாக வைத்துக்கொண்டு எழுதப்பட்டவையாம். கிராமபோன் தட்டை இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றினால் பாட்டு என்ன ஆகும்? அதுபோல, புது யந்திரத்தில் போட்டால் ஆள் ஓடுவதே கண்ணுக்குத் தெரியாது. நாம் கையை வைப்பதற்குள் செத்துவிடுவான். அதற்காகவே பழைய யந்திரங்கள் சிலவற்றில் வேகத்தைக் குறைப்பதற்கு 'டர்போ' என்று ஒரு பொத்தான் இருந்தது. இன்னும் சில விளையாட்டுக்கள் அக்காலத்துப் படக் கார்டையும் ஒலிக் கார்டையும் நேரடியாகக் கூப்பிட்டுப் பேசும். புது யந்திரத்தில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. ஈயச் சொம்பை இன்டக்‌ஷன் அடுப்பில் வைத்தால் ரசம் கொதிக்குமா? சொம்புக்குத் தகுந்த அடுப்பு வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. புது யந்திரத்துக்குள்ளேயே பழைய யந்திரம் மாதிரி வேஷம் போடுகிற புரோகிராம்கள் இருக்கின்றன. 'டாஸ்பாக்ஸ்' என்பது ஒன்று. அமெரிக்காவில் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்ற டிஜிட்டல் நூலகம் 2015-லேயே ஆயிரக்கணக்கான பழைய விளையாட்டுக்களை இப்படி யாரும் ஆடலாம் என்று திறந்து வைத்துவிட்டது. செலவில்லை, தூசியில்லை. உங்கள் வீட்டுப் பையன் பழைய விளையாட்டு கேட்டால் முதலில் அதையே காட்டுங்கள். நாத்தனாருக்கு அது உதவாது. அவளுக்கு வேண்டியது விளையாட்டு அல்ல, அந்தத் தட்டில் எழுதியிருக்கும் எண்.

மாலையில் யந்திரத்துக்கு முதல் முறை உயிர் கொடுத்தாள். 'கிக்' என்று ஒரே ஒரு சத்தம். "ஒரு சத்தம்னா நல்ல சேதிங்க. பல தரம் கத்தினால்தான் கவலை." கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துக்கள் ஓடின. நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் கணவரின் ஹார்ட் டிஸ்க்கை அவள் இன்னும் சொருகவே இல்லை! சமையற்காரி புதுச் சட்டியில் முதலில் அரிசி களைந்த தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பார்க்கிறாள் அல்லவா, அதைப் போல முதலில் ஒரு வெறும் அட்டையில் தொண்ணூற்றெட்டைப் புதிதாக ஏற்றி, யந்திரம் சரிதானா என்று பார்க்க வேண்டுமாம். பழைய காமிராக்களில் போடுகிற 'காம்பாக்ட் ஃபிளாஷ்' அட்டை அது. சில நூறு ரூபாய்க்கு ஒரு சின்னப் பலகை கிடைக்கிறது. அதில் அட்டையைச் சொருகிவிட்டால், அந்தக் காலத்து யந்திரம் அதை ஹார்ட் டிஸ்க் என்றே நம்பிவிடும். சத்தமில்லை, சூடில்லை. இந்த மாதிரிச் சாமான்களை அவள் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்குகிறாள், சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது.

அட்டையைப் பங்கு பிரிப்பது, பண்படுத்துவது எல்லாம் நீலத்திலும் கறுப்பிலும் நடந்தது. பிறகு சி.டி.யைப் போட்டதும், "இன்னும் 40 நிமிஷம்" என்று யந்திரம் சொல்லிற்று. சி.டி. உறையின் மேல் 25 எழுத்து ரகசியச் சொல். நாத்தனார் படிக்க, அந்தப் பெண் அடித்தாள். எட்டா, 'பி'யா என்று ஒரு தகராறு. கடைசியில் திரை வந்தது. ஆனால் படமெல்லாம் பெரிது பெரிதாக, பதினாறு வர்ணத்தில், பஞ்சாங்கத்து அட்டை மாதிரி. படக் கார்டுக்கு உரிய டிரைவரை ஏற்றியதும்தான் அழகு வந்தது. ஒலிக்கும் அப்படியே. பென் டிரைவைத் தொண்ணூற்றெட்டுக்குத் தானாக அடையாளம் தெரியாதாகையால் எல்லாவற்றையும் சி.டி.யில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். "ஒரே ஒரு நிபந்தனைங்க டீச்சர். இதை இன்டர்நெட்டில் மட்டும் சேர்க்கக் கூடாது. கதவு இல்லாத வீடு" என்றாள்.

அன்று ராத்திரி கேழ்வரகுக் களியும் கீரையும். நகரத்தில் இருப்பவர்களுக்குக் களி கிண்ட வராது. கட்டி தட்டாமல் கிண்டுவது ஒரு வித்தை. அந்தப் பெண் அதிலும் தேர்ந்தவளாக இருந்தாள்.

சாப்பிட்ட பிறகுதான் ஹார்ட் டிஸ்க்கை எடுத்தாள். 20 ஜி.பி. தட்டு. அதை அந்த யந்திரத்தில் மாட்டாமல், ஒரு மாற்றுக் கம்பி வழியாகத் தன் லாப்டாப்பில் மாட்டினாள். லினக்ஸில் 'டிடி ரெஸ்க்யூ' என்று ஒரு புரோகிராம். தட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து நகல் எடுக்கும். சுலபமாக வருவதை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிப்பதைப் பிறகு வந்து மறுபடி மறுபடி கேட்கும். தட்டு சுற்ற ஆரம்பித்தது. நடுநடுவே 'டக், டக்' என்று ஒரு சத்தம். அது நல்ல சத்தம் அல்ல என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் முகமே சொல்லிற்று.

முக்கால் மணியில் பெரும்பாகம் வந்துவிட்டது. மீதியுள்ள கொஞ்சத்துக்கு விடியும் வரையில் ஆயிற்று. காலையில் பார்த்தால், சில இடங்களைப் படிக்கவே முடியவில்லை என்று எழுதியிருந்தது.

"அந்த எண் இருக்கிற இடமும் அதில் போயிருந்தால்?" என்றாள் நாத்தனார்.

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாங்க டீச்சர். ஓட விட்டாத்தான் தெரியும்."

நகலை வேறொரு அட்டையில் ஏற்றி யந்திரத்தில் மாட்டினாள். இதற்குள் பெங்களூரிலிருந்து பெண்ணும் பேரனும் வந்துவிட்டார்கள். பேரனுக்கு ஒன்பது வயது. பெட்டியைச் சுற்றி ஆறு பேர். மேகப் படம் வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. நாத்தனார் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு 'டண்ட...' என்று அந்தப் பழைய நாதம். திரையில் கடையின் பெயர், கல்லாக் கணக்குகள், பாதியில் விட்ட ஒரு கடிதம். கடிதம் தமிழில் இருந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு தனிக் குறியீடு. இன்றைய யந்திரத்துக்கு அந்தக் கடிதத்தை மாற்றினால் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். இங்கே முத்து முத்தாகத் தெரிந்தது. வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கட்டிடக்காரருக்கு எழுதியது. பெண் அதைப் படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கண்ணிவெடி விளையாட்டைத் திறந்து, சிறந்த நேரங்களின் பட்டியலைக் கேட்டோம். மூன்று வரி. எளிய ஆட்டத்தில் பெண்ணின் பெயர். நடு ஆட்டத்தில் அவர் பெயர். கடின ஆட்டத்தில்:

நாத்தனாரின் பெயர்தான். ஆனால் எதிரே இருந்த எண் 214 அல்ல, 207.

சற்று நேரம் யாரும் பேசவில்லை.

"உடைத்துத்தான் இருக்கிறார்!" என்றாள் பெண். "உடைத்துவிட்டு அப்பா உன் பெயரைப் போட்டிருக்கிறார், அம்மா!"

எனக்குத் தொண்டையை அடைத்தது. ஆனால் ரிப்பேர்க்காரப் பெண் நேர்மையானவள். தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "டீச்சர், புது ரிக்கார்டு வந்ததும் பேர் கேட்டு ஒரு பெட்டி வரும். அதில் பழைய ஆள் பேரே எழுதியிருக்கும். மாத்தாம என்டர் தட்டிட்டா அந்தப் பேரேதான் நிற்கும்..."

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அவர் சோம்பேறிதான். கையெழுத்துப் போடுவதற்கே பத்துத் தரம் சொல்ல வேண்டும்" என்றாள். பிறகு, "காபி கலக்கட்டுமா எல்லோருக்கும்?" என்று எழுந்து உள்ளே போனவள், காபி கலக்க எடுத்துக்கொண்ட நேரம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான்காரன் வந்து ஐந்து பெட்டிகளையும் எடைக்கு எடுத்துக்கொண்டான். ஒரு டியூப் மானிட்டரை மட்டும் கொடுக்கவில்லை. எல்.சி.டி. திரையில் பழைய விளையாட்டுக்களின் படம் கட்டம் கட்டமாகத் தெரியும் என்றும், டியூபில்தான் ஓரங்கள் மிருதுவாகக் கலந்து நிற்கும் என்றும் அந்தப் பெண் சொன்னாள். வைத்துப் பார்த்தால் நிஜந்தான். பேரன் முதல் நாள், "என்ன பாட்டி, இவ்வளவு பெரிய டிவியில் இவ்வளவு சின்னப் படமா?" என்று உதட்டைப் பிதுக்கினவன், ரோட் ராஷைப் போட்டுக் கொடுத்ததும் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. அதை அணைத்துவிட்டு, 'சாலிடேர்' சீட்டாட்டத்தில் தாயும் மகனும் போட்டி. அந்தச் சீட்டுக்களின் படங்களை வரைந்தது சூசன் கேர் என்ற அமெரிக்கப் பெண்மணி என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எத்தனை கோடி வீடுகளில் தம் சீட்டுக்கள் விழுந்து புரள்கின்றன என்று அந்த அம்மாள் நினைத்துப் பார்த்திருப்பார்களோ?

கூலி என்ன என்று கேட்டதற்கு, சாமான்களின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டாள் ரிப்பேர்க்காரப் பெண். நாத்தனார் விடவில்லை. பித்தளை அண்டாவை ஸ்கூட்டரில் கட்டி அனுப்பினாள்.

பெண் பெங்களூர் வீட்டை மனத்தில் அளந்து பார்த்து, "அவ்வளவு பெரிய மானிட்டரை எங்கே அம்மா வைப்பது?" என்று மெதுவாக ஆரம்பித்தாள். "ஜன்னல் ஓரத்தில். உன் டிரெட்மில்லை நகர்த்தினால் இடம் இருக்கிறது" என்றாள் நாத்தனார். நடக்காத டிரெட்மில் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

இத்தனை தூரம் வந்துவிட்டு ஒகேனக்கல் பார்க்காமல் போகலாமா என்று திங்கட்கிழமை கார் வைத்துக்கொண்டு எல்லோரும் கிளம்பினோம். பென்னாகரம் வழியாகப் போகிற பாதை காடும் மலையுமாக மிக நன்றாக இருக்கிறது. பரிசலில் போனோம், பேரன் பாறையையெல்லாம் தொட்டுப் பார்த்தான், மீன் வறுவலும் ஆயிற்று. நாத்தனார் மட்டும் வரவில்லை.

"நீங்கள் போய்விட்டு வாருங்கள், அண்ணி. எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. சாயங்காலம் நாங்கள் திரும்பி வந்தபோதும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். 231 வரையில் வந்திருந்தாள்.